குழாய் பார்த்த திசை

திருவிழாக் கச்சேரியில் ஒலிபெருக்கி வைப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்குக் கேட்பதற்காக என்று இருபத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் அதன்படி நடந்தும் தொலைத்தேன். பட்டம் வாங்கியவன், புதுச்சேரி நூலகத்தில் ஒலியியல் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பாதிவரை படித்தவன். பாகூர் வட்டாரத்தில் இதைவிடப் பெரிய முட்டாள் அப்போது கிடையாது. போட்டிக்குச் சிலர் இருந்தார்கள், என்னளவு தேறவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அக்கார்டியன் வாசிக்கும் மாஸ்டர்தான் அதற்குத் தலைவர். அவரிடம் மூன்று தடவை பாடிக் காட்டியிருந்தேன். முதல் தடவை "பாக்கலாம்" என்றார். இரண்டாம் தடவை "பாத்தாச்சி" என்றார். மூன்றாம் தடவை நான் வாயைத் திறந்ததும் அக்கார்டியனை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அந்தச் சமயம் பார்த்து, மைக் செட் கவனித்துக்கொண்டிருந்த ஆள் குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரோடும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினான். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மைக் செட்டு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும் மாஸ்டர்."

"இன்னா தெரியும்?"

"படிச்சிருக்கேன்."

அவர் முகம் பல்வலிக்காரர் முகம் போல ஆனது. வேறு ஆள் இல்லை. "வெள்ளிக்கிழம நிகழ்ச்சிய நீ பாத்துக்க. மானம் போகாம முடிஞ்சிதுன்னா கடைசில ஒரு பாட்டு தரேன். மைக்கு ஒரு தடவ கூவிச்சி, அப்புறம் பாட்டுன்னு என் வூட்டு வாசப்படி ஏறாத."

ஒரு பாட்டு. அந்த ஒன்றுக்காக ஆம்ப்ளிபயரை மடியில் வைத்துக்கொண்டு, லாரியின் பின்பக்கம் குலுங்கிக் குலுங்கி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். கைக்குழந்தையைத் தூக்கிப் போகிறவன்கூட அவ்வளவு பத்திரமாக உட்கார்ந்திருக்க மாட்டான்.

கோயில் திடலின் ஒரு கோடியில் மேடை. மறுகோடியில் இரண்டு பனைமரம். விழாக் கமிட்டி ஆட்கள் முன்னதாகவே மரத்துக்கு இரண்டாகக் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டியிருந்தார்கள். நாலு குழாய்களும் மேடைக்கும் ஜனங்களுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கரும்புக் கொல்லைக்கு அப்பால் இருந்த பக்கத்து ஊரைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. படிக்காத ஜனங்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். மரம் ஏறத் தெரிந்த ஒருவனைப் பிடித்து நாலையும் உள்பக்கமாகத் திருப்ப வைத்தேன்.

"யாரு திருப்பச் சொன்னது?" என்று கேட்டான் அவன்.

"நான்தான். சவுண்டு இன்ஜினியர்."

இன்ஜினியர் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்தது. திருப்பிவிட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் கச்சேரி ஆரம்பம். பாடகர் முதல் வரியை எடுத்ததும் மைக் கூவியது. சாதாரணக் கூவல் இல்லை. திடலில் படுத்திருந்த நாய்கள் எழுந்து நின்று பதில் சொல்லின. பனைமரத்துக் குழாய்கள் நேராக மேடையைப் பார்த்து முழங்க, அந்தச் சத்தத்தை மைக் திரும்பவும் விழுங்கிக் கக்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் இது வரும் அத்தியாயம் நான் படிக்காத பாதியில் இருந்திருக்கிறது. ஒலியைக் குறைத்தேன். கூவல் நின்றது, கூடவே பாட்டும் நின்றது.

பாடகிக்கு என் அக்கா வயது. நாக்கு அதைவிட மூத்தது. மைக்கிலேயே கேட்டாள்: "தம்பி, சத்தம் வெக்கிறியா, இல்ல நான் எறங்கி வந்து ஒவ்வொருத்தர் காதுலயா பாடிட்டு வரட்டுமா?"

திடல் கைதட்டியது. அன்றைக்கு விழுந்த முதல் கைதட்டல் அதுதான். அவளுக்குக் கூட்டினேன். உடனே பாடகர் திரும்பி, "பாருங்க மாஸ்டர், அந்தம்மாவுக்கு ஏத்திட்டு என்னுத அமுக்கிட்டான்" என்றார். அவருக்கும் கூட்டினேன். மைக் மறுபடி கூவியது. இது கூவல் ஆகாது, சீட்டிதான் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். மாஸ்டர் அக்கார்டியனை இழுத்தபடியே என்னைப் பார்த்தார். வாதம் எடுபடவில்லை என்று தெரிந்தது. "மைக்க கைல வெச்சிக்கினு மாவாட்டுறியாடா?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். மாவும் கேட்கவில்லை என்று பின்வரிசை.

அப்போதுதான் கமிட்டித் தலைவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரை அதட்டிக்கொண்டிருந்தவர். சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்லால் எல்லாரும் அவரைச் சொல்தா என்றே கூப்பிடுவார்கள். பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள். கச்சேரி எட்டுகிறதா என்று பார்த்துவரப் பக்கத்து ஊருக்கு அனுப்பப்பட்டவன்.

"சொல்லுடா இவங்கிட்ட" என்றார் சொல்தா.

"ஒரு எழவும் கேக்கல. அவங்க டீக்கடை வரைக்கும் போனேன். 'இன்னாப்பா, உங்க ஊர்ல இன்னிக்கி திருநா இல்லியா?'ன்னு கேக்கறானுங்க."

சொல்தாவின் மீசை ஆடியது. "போன வாரம் அவன் வூட்டுத் திருநா. அவன் பாடினது, இருமினது, தொண்டையக் கனைச்சதுகூட எங்க ஊர்ல கேட்டுச்சி. நீ குழாய உள்ள திருப்பி வெச்சிருக்க."

"ஐயா, ஜனங்க இங்கதானே உக்காந்திருக்காங்க?"

"இங்க இருக்கறவன் கண்ணாலயே பாக்குறான் இல்ல? அவனுக்கு எதுக்குடா குழாய்? எங்க பொண்ணுங்கள அந்த ஊர்லதான் குடுத்திருக்கோம். எவன் இன்னா உபயம் செஞ்சான்னு மைக்குல சொல்றது சம்பந்தி வூட்டுக்குக் கேக்க வேணாமா? உனக்கு யாரு இன்ஜினியர் வேல குடுத்தது?"

இந்தக் கேள்வியை மாஸ்டர் பக்கம் பார்த்துக் கேட்டார். மாஸ்டர் அக்கார்டியனை இன்னும் பலமாக இழுத்தார்.

கச்சேரி நின்றது. குழாய்கள் மறுபடி வெளியே திரும்பின. சொல்தாவே மரத்தடியில் நின்று, ஒரு கண்ணை மூடிப் பீரங்கிக்குக் குறி பார்ப்பது போலக் கையை ஆட்டினார். "இன்னும் கெழக்கால. ஆங், டீக்கடைக்கு நேரா. கட்டு."

அதற்குப் பிறகு கூவல் இல்லை. திருகுகளையெல்லாம் கடைசி வரை ஏற்றினேன். மைக் கூவ வாயைத் திறக்கவில்லை. பாட்டு பனைமரத்தைத் தாண்டிக் கொல்லைமேல் பறந்தது. திடலில் இருந்தவர்களுக்கு அதன் முதுகுப்பக்கம் மட்டும் கேட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை. மேடையைப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டுப் பக்கத்து ஊர் இருக்கும் திக்கைப் பார்த்துத் திருப்தியாக உட்கார்ந்திருந்தார்கள்.

பாடகருக்குத்தான் பொறுக்கவில்லை. தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில் பாட முடியாது என்று கடைசிப் பாட்டுக்கு முன் இறங்கிப் போய்விட்டார். நான் மேடையோரம் போய் நின்றேன்.

"கூவிச்சே" என்றார் மாஸ்டர்.

"அது முதல் பாதியில மாஸ்டர்."

அவர் திடலைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "போய்ப் பாடித் தொல. எப்படியும் இங்க எவனுக்கும் கேக்காது."

பாடினேன். நீளமான சோகப் பாட்டு. சரணங்களில் ஒன்றைக்கூட விடவில்லை. பிடித்த ஒன்றை இரண்டு தடவை பாடினேன். திடல் ஜனங்கள் விபூதி வாங்க எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பொருட்படுத்தவில்லை. நாலு குழாயில் என் குரல் ஊர் எல்லை கடந்து போவதைக் கண்ணை மூடி அனுபவித்தேன்.

முடித்துக் கண்ணைத் திறந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் அந்நியர் மூச்சிரைக்கச் சைக்கிளை விட்டு இறங்கிச் சொல்தாவிடம் போனார். பக்கத்து ஊர் நாட்டாமை.

"சொல்தா, போன வாரம் நாங்க பண்ணது தப்புதான். பேசித் தீத்துக்குவோம். இப்ப பாடிக்கினு இருந்தானே, அவன மட்டும் நிறுத்தச் சொல்லு. கைக்கொழந்தைங்க வெச்சிருக்கோம்."

சொல்தா அவர் தோளில் கை போட்டு அனுப்பிவைத்தார். பிறகு மாஸ்டரைக் கூப்பிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக என்னைக் கனிவோடு பார்த்துச் சொன்னார்:

"அடுத்த வருசமும் இந்தப் பையனயே இட்டாந்துடுங்க. வேற யாரும் பாட வேணாம்."