படகுக்காரன் அவளை என்னவென்று அழைப்பான்

தொடர்வண்டி அரியலூரில் இரண்டே நிமிடம் நிற்கும். அந்த இரண்டு நிமிடத்திற்குள் என் நாவலின் முதல் நாற்பது பக்கங்களைப் பதிப்பாசிரியரின் கையில் நான் சேர்த்தாக வேண்டும். அவர் சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்கிறார். மறுநாள் அங்கே கூடும் கூட்டத்தில் அடுத்த ஆண்டுக்கான நூற்பட்டியல் முடிவாகும். என் நாவல் பட்டியலில் இருக்குமா, வேறொருவருக்கு அவ்விடம் போகுமா என்பது அந்த நாற்பது பக்கங்களைப் பொறுத்தது. இதை அவர் தொலைபேசியில் கூறியது செவ்வாய்க்கிழமை மாலை; தொடர்வண்டி வருவது வியாழன் முற்பகல் பதினொன்று இருபதுக்கு. தட்டச்சு நான் அறியேன். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் என் எழுத்து மங்குகிறது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்; அதனால் தாளாகவே கேட்டார்.

“எழுதி வச்சிருக்கீங்கல்ல சார்?” என்றார்.

“நிறைவுறும் தறுவாயில் உள்ளது,” என்றேன். இதே விடையை ஓராண்டில் இருமுறை கூறியிருக்கிறேன். உண்மையில் ஒரு பக்கமும் எழுதப்படவில்லை.

தாள்கள் இருந்தன. பெரம்பலூரில் எங்கள் வீட்டு மேசைமீது பதினொரு குறிப்பேடுகள் அடுக்கியிருந்தன. கல்லூரியில் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்ற பின், மூன்றாண்டுகள் நாள் தவறாமல் முற்பகலில் அமர்ந்து எழுதியவை. அவற்றுள் ஒரு நாடு முழுமையாக இருந்தது. கதை இல்லை.

குன்னம் பக்கத்தில் கிணறு வெட்டினால் கல்லாகிப்போன சிப்பிகள் கிடைக்கும். இந்நிலம் முன்னொரு காலத்தில் கடலடியில் கிடந்தது என்பது இங்குள்ளோர்க்கு வியப்பான செய்தியன்று. அந்தக் கடல் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மேட்டுக்காடுகள் தீவுகளாகும். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த குழிகள் மடுக்களாகும். மக்கள் படகில் ஏறிப் பக்கத்து ஊருக்குச் செல்வர். ஒரு மிகுபுனைவு நாவலுக்கு இது போதும் என்று தொடங்கினேன்.

தொடங்கிய நாளிலேயே வழி தவறினேன். கடல் என்றால் ஓதம், அதாவது நீரின் ஏற்றமும் வற்றமும், உண்டு. ஓதம் என்றால் நிலவு. அது ஒன்றா, இரண்டா? இரண்டு என்று முடிவு செய்தேன். இரண்டு நிலவுள்ள நாட்டில் மாதத்திற்கு எத்தனை நாள்? அதற்கொரு குறிப்பேடு. மாதம் அமைந்ததும் விழாக்கள் வந்தன, விழாக்களுக்குத் தெய்வங்கள், தெய்வங்களுக்குக் கோயில், கோயிலுக்குக் கல். உப்பு நீர் சூழ்ந்த நாட்டில் கல் எங்கிருந்து வரும்? அதற்கொரு குறிப்பேடு. பிறர் எழுத்தில் பிழை திருத்தியே வாழ்ந்தவன் நான். என் நாட்டில் எவரேனும் ஒரு பொருந்தாமையைக் கண்டுவிடுவாரோ என்ற அச்சத்தில் ஒவ்வோர் ஓட்டையாக அடைத்துக்கொண்டே போனேன். அடைத்த இடத்திற்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு தோன்றின. ஆறாவது குறிப்பேட்டின்போதே மேசைக்குச் செல்ல மனம் கூசத் தொடங்கியிருந்தது. ஆயினும் சென்றேன். நாவல் எழுதாமல் இருப்பதை எவரும் கண்டுகொள்ளாத வண்ணம் இருக்க, நாடு அமைப்பதைவிட நல்ல வழி இல்லை.

என் மனைவி கண்டுகொண்டார். வட்டாட்சியர் அலுவலகத்தில் நில ஆவணங்களைப் பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். செவ்வாய் மாலை நான் தொலைபேசியை வைத்ததும், நான்காம் குறிப்பேட்டை எடுத்துத் தீவுகளின் அளவுகளைப் பொறுமையாகப் படித்தார்.

“அளவெல்லாம் சுத்தமா இருக்குங்க,” என்றார். “பட்டா யாரு பேருலன்னுதான் தெரியல.”

“பட்டாவா?”

“ஆளு யாராச்சும் குடியிருக்காங்களான்னு கேக்குறேன்.”

எனக்குச் சினம் வந்தது. ஏழாம் குறிப்பேட்டில் பதினான்கு குலங்கள் இருக்கின்றன என்றேன். “குலம் இருக்கும். அதுல ஒருத்தி பேரு சொல்லுங்க பாப்பம்,” என்று கூறிவிட்டு, அவர் அடுப்படிக்குச் சென்றார். ஏழாம் ஏட்டைப் புரட்டினேன்; குலப்பெயர்கள் இருந்தன, ஆள்பெயர் ஒன்றுமில்லை.

புதன்கிழமை முழுவதும் எழுத முயன்றேன். தொடக்கம் எனக்குத் தெரியும்: ஒரு பெண் துறைக்கு வருகிறாள், படகுக்காரன் அவளை அக்கரைக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். துறையை வருணித்து ஒரு பத்தி எழுதினேன். பிறகு படகுக்காரன் வாய் திறந்தாக வேண்டிய இடம் வந்தது. அவன் எக்குலத்தான் என்று பார்க்க ஏழாம் குறிப்பேட்டைப் புரட்டினேன். அவளுடைய தீவு அவனுடைய தீவுக்கு மேலா, கீழா என்று அறிய நான்காம் ஏட்டைப் புரட்டினேன். நண்பகல் கடந்தது. இறுதியில், வேறுபாடு எதற்கும் இடங்கொடாத தூய தமிழே நன்றென்று முடிவுசெய்து, “நீவிர் யாவிர்? யாண்டுச் செல்கின்றீர்?” என்று அவனைப் பேசவைத்தேன்.

மனைவி தோளுக்குப் பின்னிருந்து படித்தார். “படகுக்காரன் இப்புடியா பேசுவான்?”

“அந்நாட்டில் அப்படித்தான்.”

“அப்ப அந்தப் பொண்ணு பயந்துட்டு ஏறவே ஏறாது.”

அத்தாளைக் கிழித்தேன். மாலை வரை ஒன்பது தாள்களைக் கிழித்தேன். அன்று உறங்கச் செல்லுமுன் வேறொரு முடிவுக்கு வந்திருந்தேன். அதை இப்போது எழுதவும் நாணமாக உள்ளது. பதினொரு குறிப்பேடுகளையும் அப்படியே பதிப்பாசிரியரிடம் கொடுத்துவிடுவது. இவ்வளவு உழைப்பைக் கண்டு அவர் மலைத்துப்போவார். கதை பின்னால் வருகிறது என்று நம்பிவிடுவார். மலைக்கச் செய்து தப்புவது என்பதே என் திட்டம்.

வியாழன் காலை ஒன்பதேகாலுக்குக் குன்னம் வழியாக அரியலூர் செல்லும் பேருந்தில் ஏறினேன். துணிப்பையில் குறிப்பேடுகள், மடிமேல் வெற்றுத்தாள் கட்டு. பழக்கத்தால்தான் தாளை எடுத்து வந்தேன். பையின் பிடி கையை அறுத்தது. எழுபத்தொரு வயதில் இன்னொரு பட்டியலுக்குக் காத்திருக்கலாம் என்று எவரும் துணிந்து சொல்லார், நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

குன்னத்தில் ஒரு பெண்மணி சின்ன வெங்காய மூட்டையைப் படியருகே வைத்துவிட்டு நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். நடத்துநர் இளைஞர்.

“ஆயா, மூட்டைய உள்ள தள்ளிட்டு ஏறு. நேரமாவுது.”

“யாருக்கு யாரு ஆயா? ஒங்கம்மாவுக்கு என்னைய விட நாலு வயசு கூடத்தான் இருக்கும்.”

“சரிக்கா, ஏறுக்கா.”

“அக்காங்குறவன் மூட்டையத் தூக்கி உள்ள வச்சிருப்பான்ல.”

“அம்மான்னு கூப்புட்டா?”

“அம்மான்னா சீட்டும் புடிச்சுக் குடுக்கணும்.”

பின் இருக்கையிலிருந்து ஒருவர், “பேசாம மேடம்னு கூப்புடுய்யா. ஒண்ணும் செய்ய வேணாம்,” என்றார்.

பேருந்தே சிரித்தது. நடத்துநரும் சிரித்துக்கொண்டே இறங்கி மூட்டையைத் தூக்கி வைத்தார். “ஏறுங்க,” என்றார். அப்பெண்மணி ஏறி, என் இருக்கைக்கு முன் இருக்கையில் அமர்ந்தார். அத்துடன் அவ்வழக்கு முடிந்தது.

நான் சிரிக்கவில்லை. ஆயா என்றால் ஒன்றும் செய்யாமல் அதட்டலாம். அக்கா என்றால் மூட்டையைத் தூக்க வேண்டும். அம்மா என்றால் இடம் பிடித்துத் தர வேண்டும். அழைக்கும் சொல் ஒவ்வொன்றும் ஒரு கடமையைக் கட்டிக்கொண்டு வருகிறது. வயதும் உறவும் உரிமையும் அந்த ஒரு விளியில் அடங்கியிருந்தன. அவற்றைப் புரிந்துகொள்ள எவருக்கும் குலங்களின் பட்டியல் தேவைப்படவில்லை. நான் விளியை இலக்கணமாகக் கற்பித்தவன். வேற்றுமையில் எட்டாவது என்று கரும்பலகையில் எழுதியவன். என் படகுக்காரன் அவளை என்னவென்று அழைப்பான், அப்படி அழைத்துவிட்டால் அவளுக்கு என்ன செய்தாக வேண்டும் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

தாளை எடுத்தேன். குறிப்பேடுகளைத் திறக்கவில்லை. அந்நாட்டில் நல்ல நீர் அரிது என்ற ஒன்று மட்டும் நினைவில் நின்றது. அதைப் பற்றிக்கொண்டேன். ஒரே குடத்து நீரைக் குடித்தவர்களே ஒருவரையொருவர் அழைக்க உரிமை உள்ளவர்கள். குடியாதவர்க்கு இடையே சொல்லே கிடையாது. அழைக்கச் சொல் இல்லாத ஒருவரைப் படகில் ஏற்றுவது குற்றம். ஆகவே அவளை ஏற்ற வேண்டுமானால், படகுக்காரன் முதலில் அவளுக்குத் தன் நீரைக் கொடுக்க வேண்டும். அவனிடம் இருப்பதோ அக்கரை சேரும்வரை ஒருவருக்கே போதும். அவன் வாய் திறவாமல் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவளுக்கும் ஏன் என்று தெரியும்.

எழுதத் தொடங்கியபின் கேள்விகள் வராமல் இல்லை. துறைக்கு என்ன பெயர்? அவள் உடுத்தியிருப்பது எந்த நாரால் நெய்தது? வானில் எந்த நிலவு? தெரியாத இடத்தில் ஒரு சிறு வட்டம் இட்டுவிட்டு மேலே சென்றேன். அவ்விருவர் கண்ணுக்கும் அப்பொழுது தெரியாத எதையும் எழுதுவதில்லை என்று எனக்குள் ஒரு வரம்பு கட்டிக்கொண்டேன். நீர்ப்பானை தெரிந்தது. அவளுடைய வெடித்த உதடு தெரிந்தது. அதற்கு அப்பால் நாடு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

பேருந்து ஓடும்போது எழுத்து கிறுக்கலாயிற்று. அரியலூரை நெருங்கும் சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. எங்கள் பேருந்தும் அவற்றின் பின்னே நின்றது. மணி பத்தரை. நின்றால் கை நடுங்காமல் எழுத முடிந்தது. நின்றால் தொடர்வண்டி தவறும். வரிசை நகர வேண்டும் என்று ஒரு மனமும், இந்தப் பத்தி முடியும்வரை நகரக் கூடாது என்று மற்றொரு மனமுமாக அமர்ந்திருந்தேன்.

முன்னிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார். “பரிச்சைங்களா?” என்றார்.

“ஏறக்குறைய,” என்றேன்.

“எழுதுங்க, எழுதுங்க. வண்டி இப்பத்திக்கு நகராது.”

பதினொன்று ஐந்துக்கு நகர்ந்தது. பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, தொடர்வண்டி நிலையத்தில் நடைமேடையை அடைந்தபோது வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. பெட்டியின் எண்ணைப் பதிப்பாசிரியர் முன்பே சொல்லியிருந்தார். மூச்சிரைக்க அதன் வாயிலுக்குச் சென்றேன். அவர் கதவருகே நின்று கையை நீட்டினார். நான் கொடுத்தது ஆறரைப் பக்கம்.

அவர் தாள்களை விரலால் நெருடிப் பார்த்தார். “மீதி, சார்?”

பை என் இடக்கையில் தொங்கியது. அதை நீட்டி நான் எண்ணிவந்த பொய்யைச் சொல்ல, இன்னும் ஒரு நிமிடத்திற்கு மேல் இருந்தது.

“மீதி இல்லை,” என்றேன். “நிறைவுறும் தறுவாயில் என்று நான் சொன்னது உண்மையன்று. கதை என்று இருப்பது இவ்வளவே. இதுவும் இன்று காலை பேருந்தில் எழுதியது.”

அவர் முகம் மாறியது. “நாப்பதுன்னு நான் அங்க சொல்லி வச்சிருக்கேன் சார்.”

“அறிவேன்.”

“அந்தப் பையில என்ன?”

“அந்நாட்டைப் பற்றிய குறிப்புகள். பதினொரு ஏடுகள்.”

அவர் பையை ஒருகணம் பார்த்தார். “நாட்ட நீங்களே வச்சுக்குங்க,” என்றார். வண்டி அசைந்தது. அவர் உள்ளே திரும்பும்போதே முதல் தாளைப் படிக்கத் தொடங்கியிருந்தாரா, அல்லது வெறுமனே தலை குனிந்தாரா என்பது எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஒன்றரை நாள் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளி மாலை பதிப்பாசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது. கூட்டத்தில் ஒருவர், ஆறரைப் பக்கத்தை நம்பி ஒரு நூலுக்கு இடம் ஒதுக்குவது முறையன்று என்று வாதிட்டாராம். முறையன்றுதான். இன்னொருவர் அப்பக்கங்களை வாங்கிப் படித்துவிட்டு, அந்தப் பெண் தண்ணீரைக் குடித்தாளா என்று மட்டும் கேட்டாராம். முடிவை ஒரு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதற்குள் நாற்பது பக்கம் வராவிட்டால் இடம் வேறொருவருக்கு.

“வட்டம் வட்டமா போட்டிருக்கீங்களே, அது என்ன சார்?”

“எனக்கு இன்னும் தெரியாதவை.”

“அது இருக்கட்டும், படிக்கறதுக்கு இடைஞ்சல் இல்ல. அவ குடிச்சாளா?”

“அதுவும் தெரியாது,” என்றேன்.

“பொய் சொல்றதுக்கு இது தேவலாம்,” என்று சொல்லி அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை முற்பகல் ஏழாம் பக்கத்திற்கு அமர்ந்தேன். அவள் குடித்தாள், ஆனால் முழுவதையும் குடிக்கவில்லை. பானையில் ஒரு வாய் மிச்சம் வைத்து அவனிடமே நீட்டினாள். அவன் அதை வாங்கிக் குடித்தான். இனி அவளை ஒரு சொல்லால் அழைக்க அவனுக்கு உரிமை வந்துவிட்டது. அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், அக்கரை சேரும்வரை இருவருக்கும் நீர் இல்லை. எந்தச் சொல் என்று ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். வரவில்லை. அவ்விடத்தில் ஒரு வட்டம் இட்டுவிட்டு, படகை நீரில் தள்ளினேன்.