அரைத் திருகு

ஆலையில் அவனுக்குப் பெயர் கலக்கி. பதினெட்டு வருஷமாக ரியாக்டர் என்கிற எஃகுப் பாத்திரத்தில் கலக்குவதே அவன் வேலை. மாவைவிடப் பொடியான பிளாஸ்டிக் மணிகளைச் சாராயத்திலும் அம்மோனியாவிலும் சுழலவிட்டு, மேலே தொங்கும் பாட்டிலிலிருந்து சிலிக்கா மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய கண்ணாடி ஓடு படியும். அந்தப் பொடியைக் குழாயில் இறுக்கி அடைத்து, நோய்க்குக் கொடுக்கும் மருந்தை அதில் ஓடவிட்டால், கலந்திருக்கும் கசடு தனியாகப் பிரிந்துவிடும். மருந்துக் கம்பெனிக்காரர்கள் அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

அவசரப்பட்டு ஊற்றினால் தீர்ந்தது. சிலிக்கா மணியில் ஒட்டாமல் தனக்குத்தானே துணுக்குத் துணுக்காகத் திரண்டு நிற்கும். இது கலக்கிக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கை அடங்க வேண்டுமே!

பக்கத்து அறை ரியாக்டர் அவன் மைத்துனனுடையது. பெண்டாட்டி நச்சரித்ததால் கலக்கியே கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்துவிட்டவன். இன்றைக்கு அவன் பொடிதான் பொடி. அவன் மேலங்கியில் ஒரு கறை இருக்காது. கையுறையைக்கூடத் துவைத்துக் காயப்போடுவான், மாப்பிள்ளைச் சட்டை மாதிரி. அதைப் பார்த்தாலே கலக்கிக்குப் பற்றிக்கொண்டு வரும். பொடியைப் பரிசோதிக்கும் மேடம் அவனிடம் சிரித்துப் பேசினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

புதிதாகப் பெரிய ரியாக்டர் ஒன்று வந்து இறங்கியது. மேடம் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "நாளைக்கு ஆளுக்கு ஒரு கலவை போடுங்க. நாலு மணிக்குப் பார்ப்பேன். யாரோடது நல்லா வருதோ அவருக்குத்தான் பெருசு."

மறுநாள் மதியம் மைத்துனன் சாப்பிடப் போனதும் கலக்கி அவன் அறைக்குள் நுழைந்தான். சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை அரைச் சுற்று இறுக்கினான். கணக்கு இதுதான்: மருந்து நேரத்துக்கு இறங்காது, பயல் பதறித் திருகை முழுசாகத் திறப்பான், கலவை கெடும். அந்த இடத்தில் கலக்கி இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பான்.

நாலு மணிக்குக் கலக்கியின் பாட்டில் காலி. மைத்துனன் பாட்டிலில் பாதி அப்படியே நின்றது.

"என்ன மாப்ளே, உன் வண்டி இன்னும் கிளம்பவே இல்ல போல? கொஞ்சம் திறந்து விடறதுதானே?"

"இருக்கட்டும் அத்தான். இறங்குறப்ப இறங்கட்டும்."

"மேடம் வீட்டுக்குப் போகணும்டா!"

"கேட்டுட்டேன். இருக்கேன்னு சொல்லிட்டாங்க."

கலக்கிக்கு நெஞ்சில் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது. நமக்காக யாராவது இப்படிக் காத்திருந்தது உண்டா?

ஒருவழியாக அந்தப் பாட்டிலும் தீர்ந்து, மேடம் இரண்டு பொடியையும் நுண்நோக்கியில் வைத்துத் திரையில் காட்டினார். கலக்கியின் மணிகளுக்கு நடுவே கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி துணுக்குகள் சிதறிக் கிடந்தன. மைத்துனன் திரையில் ஒரு தூசி இல்லை. ஒவ்வொரு மணியிலும் ஒரே கனத்தில் ஓடு.

"இப்படி ஒரு ஓடு நம்ம இடத்துல வந்ததே இல்ல. என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல மேடம். நான் கொஞ்சம் வேகமாத்தான் விட்டிருந்தேன். சாப்பிட்டு வந்து பார்த்தா திருகு அரைச் சுற்று இறுகியிருக்கு. அந்த அறைக்குள்ள அத்தானைத் தவிர யாரு வரப்போறா? என் தப்பைப் பார்த்துச் சரி பண்ணிட்டு, சொல்லாமப் போயிருக்கார்." அவன் முகத்தில் பெருமை வழிந்தது.

மேடம் கலக்கியின் பக்கம் திரும்பினார். "நீங்களா? அப்படின்னா பெரிய ரியாக்டர் உங்களுக்குத்தான் சேரணும்."

ஆமாம் என்ற ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அது தொண்டை வரை வந்தது. ஆனால் மைத்துனன் கண் கலங்க, நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தான். திருடப் போன வீட்டில் இலை போட்டு உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது கலக்கிக்கு. இந்த நல்ல மனசும் இவனுக்கே வாய்க்க வேண்டுமா? இவன் தூக்கிக் கொடுத்து நான் வாங்குவதா?

"நான் ஏன் மேடம் அவன் திருகைத் தொடறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியே வந்தான்.

பெரிய ரியாக்டர் மைத்துனனுக்குப் போனது.

வீட்டில் பெண்டாட்டிக்குத் தலைகால் புரியவில்லை. "என் தம்பிக்காமே! நீங்க சேர்த்துவிட்ட ஆளு, உங்களுக்கும்தானே பெருமை?"

"பெருமைதான். அதையே பிசைஞ்சு போடு, தின்னுட்டுப் படுக்கிறேன்."

மறுநாள் காலை கலக்கி தன் பழைய ரியாக்டரைக் கழுவி, மணிகளைப் போட்டு, பாட்டிலை மாட்டினான். சொட்டு விழத் தொடங்கியது. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். யாரும் இல்லை. திருகை அரைச் சுற்று இறுக்கினான். பிறகு கை மறுபடி அதன் மேல் போய்விடாதபடி, இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.