நாகைத் தண்ணீர்

எங்கள் வீட்டில் ஊர்ச் சண்டை மூளுவதற்கு ஒரு பை மீன் போதும். நாகப்பட்டினத்திலிருந்து மாமா, அம்மாவின் அண்ணன், மாதம் ஒருமுறை மீனோடு வருவார். காரைக்கால் பக்கம் விழிதியூரில் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இது காரைக்கால் மீன் இல்லை, நாகை மீன் என்று அறிவிப்பார். அப்பாவின் அக்காவான அத்தை விடமாட்டார். இரண்டு ஊருக்கும் ஒரே கடல்தானே, இந்த மீன் மட்டும் எல்லையில் இறங்கி பஸ் மாறி வந்ததா என்று கேட்பார்.

அதன்பிறகு நாகையின் கலங்கரை விளக்கம் ஒரு பக்கமும் காரைக்கால் கடற்கரைச் சாலையின் விளக்குகள் ஒரு பக்கமுமாக நிற்கும். அத்தை கடைசியில் எடுப்பது பெட்ரோல் விலையை. புதுச்சேரி மாநிலம் என்பதால் எங்கள் பக்கம் விலை குறைவு.

"மலிவுதான், இல்லங்கல. அதுக்காக அதையா கொழம்புல ஊத்த முடியும்?" என்பார் மாமா.

அம்மா எந்தப் பக்கமும் பேசமாட்டாள். மீனைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஏழாம் வகுப்பில் இருந்த நான். ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் வாசிக்கும் வரை பெரியவர்கள் காத்திருப்பார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை. அம்மாவுக்கு இரண்டே எழுத்து தெரியும், நா, கை. பஸ்ஸின் நெற்றியில் பார்த்துப் பார்த்துப் படிந்த எழுத்து.

அந்த வருடம் அப்பா குத்தகைக்கு உழுத நிலத்தை உடையவர் விற்றுவிட்டார். வரப்பு இருந்த இடங்களில் மனைக்கட்டுக் கல் நட்டார்கள். நாகைத் துறைமுகத்தருகே ஐஸ் கம்பெனியில் அப்பாவுக்கு வேலையும், பின்புறத்திலேயே குடியிருக்க வீடும் மாமா பார்த்து வைத்திருந்தார். பரீட்சை முடிந்ததும் போவதென்று முடிவாயிற்று. அம்மா பித்தளைப் பாத்திரங்களைப் புளிபோட்டுத் துலக்கி ஒரு சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். துலக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அவள் பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. என் பள்ளிக்கூடம், என் பெஞ்சு, முதல் ரேங்க் எல்லாம் இங்கே இருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வந்தது. உலகத்தரமான நகரமாகும் தகுதி காரைக்காலுக்கா, நாகப்பட்டினத்துக்கா? நாகை அணியில் சேர ஒருவரும் முன்வராததால் தமிழ் டீச்சர் சீட்டுக் குலுக்கினார். எனக்குக் காரைக்கால் விழுந்தது. நான் ஜெயிக்க வேண்டியது டீச்சரிடம் அல்ல, அம்மாவிடம் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

நாகையில் என்னவெல்லாம் குறை என்று அம்மாவிடமே கேட்டேன். முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே நெடுநேரம் யோசித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. நான் விடாமல் நச்சரித்ததும், "தண்ணி கொஞ்சம் கரிக்கும்" என்றாள். உடனே, "ரொம்ப இல்ல, பழகிட்டா தெரியாது" என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பின்பாதியை நான் எழுதிக்கொள்ளவில்லை.

விழாவுக்கு அப்பா, அம்மா, அத்தை எல்லோரும் வந்தார்கள். மாமாவும் சட்டைப்பையில் சீப்போடு நாகையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். துறைமுகம், கடற்கரை, நேரான தெருக்கள், பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். கடைசியில் குரலை உயர்த்தினேன். குடிக்கிற தண்ணீரே கரிக்கும் ஊர் எப்படி உலகத்தரம் ஆகும்? இதைச் சொல்வது நான் இல்லை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் அம்மா. அதோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

கையை நீட்டிக் காட்டினேன். பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அம்மா முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டு குனிந்தாள். எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டியவர் மாமா.

பரிசு ஒரு டிபன் பாக்ஸ். நான் அதை மாமாவிடம் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தபோது, டீச்சர் அம்மாவைத் தனியே அழைத்துப்போய் ஏதோ பேசினார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், வண்டி எப்போது கொண்டுவரட்டும் என்று மாமா கேட்டார்.

"வேணாண்ணே. நாங்க வரல."

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். மாமா வலிய ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "என்னம்மா, ஒம் பொண்ணு பேச்சக் கேட்டு மெரண்டுட்டியா?" என்றார்.

"ஆமாண்ணே," என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் பாத்திரங்கள் அலமாரிக்குத் திரும்பியிருந்தன. ஒரு பேச்சால் ஒரு குடும்பத்தையே எல்லைக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டேன் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா சைக்கிளில் கோவில்பத்துக்குக் கட்டட வேலைக்குப் போகத் தொடங்கினார். அம்மா நாகைக்குக் கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும் போவாள். ஒருநாளும் தங்கமாட்டாள். கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்லூரிக்காகக் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கப் போனோம். இடையில் வேறு மாநிலத்தில் எங்காவது குடியிருந்தீர்களா என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

"இல்லைங்க. எங்கயும் போவலைங்க," என்று அம்மா சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாக, "ஒங்க டீச்சர் அன்னைக்கே சொன்னாங்க. எல்லை தாண்டிக் குடி போனா இந்தக் காயிதம் கெடைக்காது, காலேஜுல இந்த மாநிலத்துப் புள்ளைங்களுக்கு ஒதுக்குற எடம் போயிடும்னு. நல்லா பேசுற புள்ள, படிக்க வைங்கன்னாங்க" என்றாள். ஏதோ எண்ணெய் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

வெளியே நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. அம்மா அதன் நெற்றியை வாசித்தாள். அது கிளம்பித் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வந்த எங்கள் பஸ்ஸை நான்தான் கைகாட்டி நிறுத்தினேன்.

அந்தச் சான்றிதழோடுதான் புதுச்சேரியில் படித்தேன். இப்போது சென்னையில் வேலை. இதுவும் கடற்கரை நகரம்தான். இதை உலகத்தரம் என்கிறார்கள். இங்கே குடத்துத் தண்ணீரை வாயில் வைக்கும்போதெல்லாம் பட்டிமன்றம் நடந்த அன்று மாலைதான் ஞாபகம் வருகிறது. மாமா போன பிறகு டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, நான் பேசியதில் எது ரொம்ப நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தத் தண்ணியப் பத்தி மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்."

அதுதானே அம்மா எல்லோரும் கைதட்டிய இடம் என்றேன். அம்மா சாக்கின் கட்டை அவிழ்க்கப் போனாள். பட்டிமன்றத்தைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.