இரவல் போன சங்கிலி

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர்தான். அந்த வீட்டுக்காரியும் நானும் பதினோரு வருடம் அக்கா தங்கையாகப் பழகினோம். அவள் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு என் நாலு சவரன் சங்கிலியை இரவல் கேட்டாள். எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் நகை கைமாறுவது வழக்கம். எழுதித் தரச் சொல்லிக் கேட்பவளுக்கு அற்பப் புத்திக்காரி என்று பெயர் வந்துவிடும். நான் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து, "பேங்க் லாக்கர்ல பத்திரமா வச்சிருக்கேன்கா, அப்புறமா எடுத்துத் தரேன்" என்றாள். அடுத்த மாதம் என் மகனுக்குக் குடல்வால் ஆபரேஷன். சங்கிலியைக் கொடு, அடகு வைக்கவேண்டும் என்று போன் செய்தேன்.

"உங்கம்மா போட்ட நகய எதுக்குக்கா அடகுக் கடைக்கு அனுப்புற? நான் இல்ல?"

அன்று மதியமே ஆஸ்பத்திரிக்கு வந்து இருபதாயிரத்தைக் கையில் திணித்தாள். அழுதுவிட்டேன். அந்தக் கடன் தீரும்வரை சங்கிலியைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. நாலு மாதத்தில் அடைத்தேன்; கடைசித் தவணையோடு ஒரு புடவையும் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. போனும் போகவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா கேட்டார், "மொத்தம் எவ்ளோம்மா நஷ்டம்?"

புகாருக்காக அலைந்ததில், நான் வேலை பார்க்கும் சேதராப்பட்டுக் கம்பெனியில் ஆறு நாள் சம்பளம் போயிற்று. ஆட்டோ, ஜெராக்ஸ், வக்கீல் என்று தினமும் செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எல்லாவற்றையும் அடுக்கினேன்.

"அதெல்லாம் இதுல வராதும்மா. நகய மட்டும் சொல்லு."

எனக்கு எரிச்சலாக வந்தது. திருடியவளுக்கு ஒரு செலவும் இல்லை, பறிகொடுத்தவள்தான் நடையாய் நடக்கவேண்டும்.

பத்து நாள் கழித்து ஓர் அடகுக் கடைக்கு அழைத்துப் போனார். சங்கிலி அங்கேதான் இருந்தது. கோர்ட் சொன்னால்தான் கைக்கு வருமாம். கடைக்காரர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். அவள் கையெழுத்து, ஒன்றரை லட்சம். தேதியைப் பார்த்தேன். என் மகனுக்கு ஆபரேஷன் நடந்த அதே நாள்.

என் நகையை வைத்து எனக்கே கடன் கொடுத்திருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நானோ அதற்குக் கண்ணீர் விட்டு நன்றி சொல்லியிருக்கிறேன்.

"வேற ஏதாவது சேக்கணுமாம்மா?" என்றார் ஏட்டையா.

"ஒரு புடவ. ஆயிரத்து எண்ணூறு ரூபா," என்றேன். "வராதுன்னு தெரியும் சார். இருந்தாலும் எழுதிக்குங்க."