ஆடிக்கழிவில் வாங்கிய சூரியன்

அரியாலைத் தியாகலிங்கத்துக்கு மின்சாரத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்றுதான் அயலட்டையில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மின்சார சபையில் இலிகிதராக இருந்து இளைப்பாறியவர் அல்லவா! அங்கே அவர் பார்த்தது லீவு விண்ணப்பங்களை மட்டுமே என்பது மனைவி ஞானாம்பிகைக்குத் தெரியும். பாவம், அவள் வெளியில் சொன்னதில்லை.

ஞானாம்பிகைக்கு இருந்தது ஒரேயொரு ஆசை. நுவரெலியாவுக்குப் போய்க் குளிரில் நடுங்க வேண்டும். கனடாவிலிருந்து மகள் தனுசியா எப்போதோ அனுப்பிய நீலச் சுவெற்றர் அலுமாரிக்குள் பூச்சி உருண்டை வாசத்தோடு கிடந்தது. யாழ்ப்பாணத்து வெக்கையில் அதை எந்த விசரி போடுவாள்? முழங்கால் வேறு மோசமாகிக்கொண்டே வந்தது. நடக்க முடிகிற காலத்திலேயே போய்விட்டு வாருங்கள் என்று டொக்டரும் சொல்லிவிட்டார்.

கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தியாகலிங்கம் வாக்குக் கொடுத்தார். பஸ்ஸில் போனால் அது ஒரு பயணமா? வீட்டில் நின்ற பழைய டொல்பின் வானின் சீற்றுகளைக் கழற்றிவிட்டு, யூரியூப்பைப் பார்த்துத் தன் கையாலேயே உள்ளே கட்டில் அடித்தார், அடுப்புக்கு மேசை அடித்தார். இனி ஃபானுக்கும் சின்ன ஃபிரிஜ்ஜுக்கும் கூரையில் சோலர் பனல் பூட்டவேண்டியதுதான் மிச்சம்.

"இஞ்சாருங்கோ, குளிர் பாக்கப் போறதுக்கு ஏன் ஃபான்?" என்று ஞானாம்பிகை கேட்டாள்.

"உமக்கு உதுகள் விளங்காது."

அவருக்கும் விளங்கவில்லைதான். ஆனால் யூரியூப்பில் எல்லா வானிலும் ஃபான் சுற்றியது.

சித்திரையில் கடைக்குப் போய், வானுக்கென்றே வந்த அளவான பனல்களைத் தடவிப் பார்த்து, விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். ஆடியில் விலைக்கழிவு போடுவார்கள், பொறுத்தால் என்ன? பொறுத்தார். ஞானாம்பிகையின் முழங்கால் பொறுக்கவில்லை.

ஆடியும் பிறந்தது. வானுக்கான பனலுக்கு ஏதோ பேருக்குக் கழிவு. வீட்டுக் கூரைக்குப் பூட்டுகிற பெரிய பனலுக்கோ பாதிக்குப் பாதி. தியாகலிங்கத்தின் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"ஐயா, உது வீட்டுக்குப் பூட்டுறது. சோடியாய் எடுத்தால்தான் கழிவு. வானுக்கு வெளியாலை நீட்டிக்கொண்டு நிக்கும்," என்றாள் கடையில் நின்ற கோபிகா.

"பெரிசெண்டால் கரண்டும் கூடத்தானே, பிள்ளை?"

"ஓம் ஐயா, கரண்டு கூடும். வான் பெருக்காது."

சோடியாகவே எடுத்தார். ஆனால் எப்போது பூட்டுவது? ஆடியில் கழிவுக்கு வாங்கலாம், நல்ல காரியம் தொடங்கலாமோ? ஆவணியில் நல்லூர்த் திருவிழா. உலகமெல்லாம் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்குகிற நேரம் இங்கே இருக்கிறவன் வெளிக்கிட்டுப் போவதா? புரட்டாதியில் மாளயம். ஐப்பசியில்தான் சாத்திரியார் ஒரு நாள் வைத்துக் கொடுத்தார்.

அந்த நல்ல நாளில் தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி, இரண்டு பனலையும் கூரையில் குறுக்கே வைத்துப் பூட்டினார். வானுக்கு இரண்டு பக்கமும் தாழ்வாரம் இறங்கியது. வெள்ளோட்டம் விடலாமென்று ஸ்டார்ட் பண்ணி வாசல்வரை வந்தபோதுதான் தெரிந்தது, ஆளுயரத்துக்கு மேலே எழுப்பிய கேற்றுத் தூண்களுக்கு இடையால் வான் போகாது. பின்னேரமே மாரி மழையும் பிடித்துக்கொண்டது.

"அப்ப பனலைக் கழட்டுங்கோவன்," என்றாள் ஞானாம்பிகை.

"நல்ல நாளிலை பூட்டினதைக் கழட்டுறதோ?"

"தூணையெண்டாலும் இடியுங்கோ."

"அதுக்குத் தை பிறக்கோணும்."

ஞானாம்பிகை முழங்காலைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்து வீட்டு லூர்த்தம்மா, கோயில் ஆட்களோடு பஸ் பிடித்து நுவரெலியா போவதாகச் சொன்ன அன்று, அவள் அலுமாரியைத் திறந்து சுவெற்றரை வெளியே எடுத்தாள்.

"மழைக்குள்ளை போறீரே? தை பிறந்தால் நாங்களே போகலாம்," என்றார் தியாகலிங்கம்.

"எந்தத் தை?" என்று கேட்டுவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினாள்.

வீடு வெறிச்சென்று கிடந்தது. மனிசனுக்கு உள்ளே இருக்கப் பிடிக்கவில்லை. வானுக்குள் ஏறி, தான் அடித்த கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். வெயில் இல்லாததால் பற்றரியும் ஏறவில்லை, ஃபானும் சுற்றவில்லை. போனில் வீடியோ அழைப்பு வந்தது. நீலச் சுவெற்றரோடு ஞானாம்பிகை. பின்னால் பனிப்புகார் மூடிய தேயிலை மலை. பல் கிடுகிடுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படிச் சிரித்து அவர் கண்டு எத்தனையோ காலம்.

"இஞ்சாருங்கோ, நடுங்குது!"

அவர் போனைக் கிட்டக் கொண்டுவந்தார். "பஸ்ஸிலை இன்னுமொரு இடம் இருந்திருந்தால் நானும் வந்திருப்பன், ஞானம்."

"இடம் இருந்தது. லூர்த்தம்மா ரெண்டு சீற் வைச்சிருந்தவ. அவர் நாள் பாக்கோணும், ஒரு சீற் போதுமெண்டு நான்தான் சொன்னனான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு லூர்த்தம்மா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட, அவள் போய்விட்டாள்.

தியாகலிங்கம் ஸ்பனரை எடுத்துக்கொண்டு இறங்கி, கொட்டுகிற மழைக்குள் வானில் ஏணியைச் சாத்தி மேலே ஏறினார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நல்ல இராகுகாலம்.