ஆபீஸ் விறாந்தையில் தொட்டில்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவில் பிள்ளைக் காம்பராவை மூடியபோது எனக்கு அளவில்லாத சந்தோஷம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை ஆயம்மாவிடம் விட்டுப்போகும் அந்த ஒற்றை அறைக் கட்டடத்துக்கு, கூரை சரியில்லை என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள். இனிமேல் பிள்ளைகளைக் கீழ்ப் பிரிவில் கொண்டுபோய் விடவேண்டும் என்பது தோட்ட மனேஜரான துரையின் உத்தரவு. கீழ்ப் பிரிவு பசறை ரோட்டுப் பக்கம், பள்ளத்தில் இருக்கிறது. விடியற்காலைப் பனியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, விட்டுவிட்டு ஏறி வருவதற்குள் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பி முடித்துவிடுவார்கள். பிந்தி வந்தவளுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. ஆகவே பெண்பிள்ளை இருந்த எல்லா வீட்டிலும் செய்ததையே எங்கள் வீட்டிலும் செய்தார்கள். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, தம்பியைப் பார்க்க வைத்தார்கள்.

மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்த எனக்கு இது மாரியம்மன் பார்த்துக் கொடுத்த வரமாகத் தெரிந்தது. அம்மாவுக்கு அப்படித் தெரியவில்லை. அவளுடைய பள்ளிக்கூடமும் ஒரு தம்பியோடுதான் முடிந்திருந்தது. என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்துப் பெட்டிக்கு மேலேயே வைத்திருந்தாள்.

எங்கள் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் போய்த் துரையிடம் பேசினார். பார்ப்போம் என்றாராம். திரும்பவும் போனார். திரும்பவும் பார்ப்போம்தான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து, திருநீறு வாங்கிய பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். பெரியம்மாதான் பேச்சை எடுத்தாள்.

"காலையில புள்ளைகளத் தூக்கிக்கிட்டு நேரா ஆபீசுக்குப் போவோம். விறாந்தையில தொட்டிலக் கட்டிப் போட்டுட்டு ஒக்காந்துக்குவோம். காம்பராவத் தொறக்குற வரைக்கும் கொழுந்துல கை வைக்கிறதில்ல."

"தொட்டில யாரு ஆட்டுறது, தொரையா?" என்றாள் அத்தை.

"ஆட்டட்டுமே. அவரும் புள்ளகுட்டிக்காரருதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"வேணாங்க்கா. என் புள்ளைக்கு இழுப்பு இருக்கு. அந்த விறாந்தையில காத்து ஊசி மாதிரி குத்தும். பேர் விழாம எத்தன நாளைக்கு ஒல வைக்கிறது? தலைவரோட நாமளும் நாலு பேரு சேந்துபோய் இன்னொருக்கா பேசிப் பாப்போம்." பேர் என்றால் எங்கள் பக்கம் ஒரு நாள் வேலைக்கான சம்பளம்.

பேச்சு முற்றியது. பூக்கட்டிப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் இலையில் பொதிந்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது வழக்கம். கல்யாணம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் உத்தரவு கேட்பார்கள். அம்மா தடுத்துவிட்டாள்.

"காய்ச்சலுக்குக் கேட்டா அவ சொல்லுவா. இது நாம செய்யப்போற வேல. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, பழியத் தூக்கி அவ தலையில போடவா? வாயில்லாமலா நம்மளப் படைச்சிருக்கா? ஆளாளுக்குச் சொல்லுங்க."

சூலத்துக்கு இந்தப் பக்கம் வேண்டும் என்பவர்கள், அந்தப் பக்கம் வேண்டாம் என்பவர்கள் என்று பிரிந்து நின்றார்கள். அம்மாவோடு நின்றது நாலைந்து பேர். அதிலும் அத்தை, "கோவிச்சுக்காதீங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு மெல்ல இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

வீட்டில் அப்பா விடவில்லை. "தோத்துட்டியாமே. அப்ப நாளைக்கு நீ பெரட்டுக்குப் போறதுதானே?"

அம்மா ஒரு பழைய சேலையைத் தேடி எடுத்து, கிழிசல் இருக்கிறதா என்று விரித்துப் பார்த்தாள்.

விடிந்ததும் தம்பியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பெரியம்மா வருவதற்கு முன்பே நாங்கள் ஆபீஸ் விறாந்தையில் நின்றோம். அம்மா பெஞ்சில் ஏறி உத்தரத்தில் கயிற்றைப் போட்டாள்.

"நீங்கதானே வேணாம்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா. இப்பவும் வேணாம்னுதான் சொல்றேன். கயித்தப் புடி."

கொஞ்ச நேரத்தில் விறாந்தை முழுக்கச் சேலைத் தொட்டில்கள். கோஷம் இல்லை, சத்தம் இல்லை. பிள்ளைகள் தூங்கும் இடத்தில் எப்படிச் சத்தம் போடுவது? துரை பூட்ஸ் சத்தத்தோடு படியேறியபோது பெரியம்மா வாயில் விரலை வைத்தாள். "மெதுவாங்க தொரை. இப்பத்தான் கண்ணசந்துச்சு." அவரும் தலையைக் குனிந்து, தொட்டில்களுக்கு அடியில் நுழைந்து தன்னுடைய ஆபீசுக்கே திருடன் மாதிரிப் போனார். மத்தியானம் ஆவதற்குள் கிளாக்கர் ஐயா ஒரு கையில் டெலிபோனும் மறு கையில் ஜன்னல் வழியாகத் தொட்டில் கயிறுமாக இருந்தார். ஆட்டாவிட்டால் அவருக்கு ஒன்றும் காதில் விழாது.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அம்மா, "நாளைக்காவது பேசப் போவோமா?" என்று கேட்பாள். வேண்டாம் என்பார்கள். மறுநாள் காலையில் முதல் தொட்டில் எங்களுடையதாகத்தான் இருக்கும். தம்பிக்கு அவள் பயந்தபடியே சளி பிடித்தது. நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் துரையே பேசக் கூப்பிட்டார். உள்ளே யார் போவது என்ற கேள்வி வந்தபோது பெரியம்மா அம்மாவைத்தான் பிடித்துத் தள்ளினாள். "பேசணும் பேசணும்னு நின்னவ நீதானே. போய்ப் பேசு."

கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. ஆயம்மா திரும்பி வந்தாள். நான் அழுதுகொண்டே வாய்ப்பாட்டுக்குத் திரும்பிப் போனேன்.

"வேணாம்னியே, பாத்தியா, நடந்திருச்சு" என்று பெரியம்மா கேலி செய்தாள். "புள்ளைக்குச் சளி இன்னும் போகலக்கா. திரும்பக் கேட்டாலும் வேணாம்னுதான் சொல்லுவேன்" என்றாள் அம்மா. இருவரும் ஒரே தேயிலை நிரையில் கொழுந்தெடுக்கப் போனார்கள்.

இன்றைக்கு எங்கள் கோயில் கமிட்டிக்கு ஆள் தெரிவுசெய்தால், தோற்றவர் அந்த வருஷம் தேர் வடத்தைத் தொடமாட்டார். பெரிய இடங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மா கயிறு கட்டிய காலைதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்கிறாள், முதல் ஆளாகப் போகிறாள், ஜெயித்த பிறகும் வேண்டாம் என்கிறாள். கூட்டாளிகள் கேட்டால் என்ன சொல்வது? அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தாயே, எங்கள் அம்மாவுக்கு ஒரே பேச்சாகப் பேசும் புத்தியைக் கொடு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நல்லவேளை, அம்மன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.