பத்துக்கு ஆறில் வானம்

இருபத்தாறு வருடம் இயற்பியல் நடத்தினால் அலுப்பு எலும்பு வரைக்கும் இறங்கிவிடுகிறது. அதிலும் புதுக்கோட்டையில் வீடு, மீமிசல் பக்கம் பள்ளிக்கூடம், தினமும் பஸ் என்றால் கேட்கவே வேண்டாம். இருந்தும் அந்தப் பெரிய புதிய தொலைநோக்கி எடுத்த முதல் படங்கள் வெளிவந்த அன்று, பஸ்ஸில் நின்றபடியே செல்போனில் அவற்றைப் பார்த்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விட்டேன்.

பெரிய வெளிச்சங்கள் என்னை அவ்வளவாக இழுக்கவில்லை. அவற்றுக்கு நடுவே தூசி மாதிரி சிதறிக் கிடந்த பொடிப் புள்ளிகள்தான் இழுத்தன. அநேகமாக ஒவ்வொன்றும் ஒரு விண்மீன் திரள். பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "நட்சத்திரத்துக்கு நடுவுல இருக்குற எடமெல்லாம் சும்மாதான் கெடக்கா டீச்சர்?" எத்தனை மார்க் என்ற பேச்சே இல்லாமல் அந்த வருடம் என்னிடம் வந்த ஒரே கேள்வி அது. "ஒரு நாள் காட்டுறேன், இரு" என்று சொல்லியிருந்தேன்.

பள்ளியின் அறிவியல் கண்காட்சி வந்தது. அந்தப் படங்களில் ஒன்றைப் பத்துக்கு ஆறு அடியில் அடிக்கச் சொல்லி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிளெக்ஸ் கடையில் கொடுத்தேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஓயாமல் ஓடுகிற கடை. முந்தின நாள் சாயங்காலம் வாங்கப் போனபோது டிசைன் செய்பவர் பெருமையாகச் சொன்னார்.

"படம் பூரா ஒரே புள்ளியா கெடந்துச்சுங்க டீச்சர். காலையிலேருந்து ஒக்காந்து ஒன்னு விடாம தொடச்சுட்டேன். இப்ப எப்புடி பளிச்சுன்னு இருக்கு பாருங்க."

எந்த முகம் வந்தாலும் பருவையும் தழும்பையும் துடைத்துவிட்டுத்தான் அவர் மற்ற வேலையைத் தொடங்குவார். வானத்துக்கும் அதே உபசாரம் நடந்திருந்தது. பிரித்துப் பார்த்தால், கறுப்பில் ஏழெட்டு வெளிச்சங்கள். மனிதருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, திட்ட வாய் வரவில்லை. மெஷினில் ஏதோ மாநாட்டு பேனர் ஓடிக்கொண்டிருந்தது, விடிய விடிய ஓடுமாம். சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அதையே மாட்டினோம். அந்தப் பெண் முதல் ஆளாக வந்து, மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று பார்த்தாள். கறுப்பின் மேல் விரலை வைத்தாள்.

"இங்கிட்டு ஒன்னுமே இல்லைல டீச்சர்?"

செல்போனில் அசல் படத்தைத் திறந்து காட்ட ஒரு நிமிடம் போதும். ஆனால் கண்காட்சியைத் திறக்க வந்த அதிகாரியின் ஜீப் வாசலில் நின்றுவிட்டது. தலைமையாசிரியர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இதெல்லாம் சாக்கு என்று எனக்கே தெரியும், வெட்கமாகத்தான் இருக்கிறது.

"ஆமா, ஒன்னுமில்ல" என்றேன்.

நான் எது சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்கிறவள், அதையும் எழுதிக்கொண்டாள்.